தோற்றவரும் தளபதிதானா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பாஞ்சாலங்குறிச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பேருந்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஊமைத்துரை வீரர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டையும் போயிற்று, உயிரும் போயிற்று. அவரைத் திறமையான தளபதி என்று எப்படிச் சொல்வது?"

நியாயமான கேள்விதான். வீரம் வேறு, படைநடத்தும் திறம் வேறு. அத்திறத்தை எதைக்கொண்டு அளப்பது என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

வெற்றி தோல்வியை மட்டும் வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கிறது. அமெரிக்க விடுதலைப் போரில் 1777-இல் சரட்டோகாவில் வென்ற கேட்ஸ், 1780-இல் கேம்டனில் படுதோல்வியடைந்தார். 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் பிரபுவே, 1792-இல் நம் நாட்டில் திப்பு சுல்தானைப் பணிய வைத்தார். ஒரே மனிதர் ஓரிடத்தில் திறமையற்றவராகவும் மற்றோரிடத்தில் திறமையாளராகவும் ஆகிவிடுவாரா?

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அவற்றையே அளவுகோலாகக் கொள்வோம்.

முதலில் வலி. 1799 செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். அத்தாக்குதல் முறியடிக்கப்பட்டது. கட்டபொம்மன் கோட்டையைவிட்டு வெளியேறிய பிறகே அது அவர் கைக்கு வந்தது. ஆயினும் ஏடுகளில் பானர்மன் வென்றவர். அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்.

அடுத்து காலம். 1801 பிப்ரவரி 2-ஆம் நாள் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். அன்றிரவு ஆங்கிலேய அதிகாரிகள் மேஜர் மெக்காலேயின் வீட்டில் விருந்தில் இருந்தனர். அவர்களை அப்போதே மடக்கியிருக்கலாமே என்று குறை சொல்வோர் உண்டு. ஆனால் சிறையிலிருந்து அப்போதுதான் வெளிவந்தவர்களுக்கு முதல் தேவை தங்கள் மண்ணும் மக்களும் அல்லவா? அவர் நேரே பாஞ்சாலங்குறிச்சிக்கு விரைந்தார். ஒரு வாரத்தில் மெக்காலே படையுடன் வந்து பார்த்தபோது, இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்து நின்றது! மெக்காலே போரிடாமல் பாளையங்கோட்டைக்குத் திரும்பினார். அது கோழைத்தனமன்று, தம் வலியறிந்த செயல். அந்த அறிவை அவர் மார்ச் 31-இல் மறந்தார். போதிய பீரங்கி பலமின்றித் தாக்கிப் பெருஞ்சேதத்துடன் பின்வாங்கினார்.

மூன்றாவது இடம். அக்கோட்டை கல்லால் ஆனதன்று, மண்ணால் ஆனது. கல்மதில் குண்டடி பட்டால் பிளந்து சிதறும். மண்மதிலோ குண்டின் வேகத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். மதிலைச் சுற்றி முள்வேலி. உடைப்பில் ஏறி வந்தவர்களை உள்ளிருந்தவர்கள் நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினர். கரிசல் காட்டில் கிடைத்த மண்ணையும் முள்ளையும் ஈட்டியையும் கொண்டே, உலகின் பெரிய வல்லரசு ஒன்றின் படையை மூன்றரை மாதம் தடுத்து நிறுத்தினார் ஊமைத்துரை.

பின்னர் கர்னல் அக்னியூ கூடுதல் படைகளோடும் பெரிய பீரங்கிகளோடும் வந்தார். மே 24-இல் கோட்டை விழுந்தது. முன்னவர்களின் பிழையைத் திரும்பச் செய்யாதது அக்னியூவின் திறமை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காயமுற்ற ஊமைத்துரை அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களோடு சேர்ந்து போரைத் தொடர்ந்தார். 1801 நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். இப்போர்களைப் பற்றிய ஆவணங்களில் பெரும்பாலானவை வென்றவர்கள் எழுதியவை. எதிரியைக் குறைத்துச் சொல்வதும், தம் தோல்விக்குக் காரணம் தேடுவதும் அவற்றில் இருக்கும். அப்படியிருந்தும், எதிர்ப்படையில் நின்று போரிட்ட வெல்ஷ் என்ற அதிகாரி, 1830-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்புகளில் ஊமைத்துரையை வியந்து எழுதியிருக்கிறார். பகைவன் தரும் சான்றுக்கு எடை அதிகம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் விடை பிசகினால், செய்தவரை மட்டும் குறைகூறுவதில்லை. கொடுக்கப்பட்ட கருவி எத்தகையது என்றும் பார்ப்பார்கள். தளபதிகளுக்கும் அந்த நீதியை வழங்குவோம். கையில் என்ன இருந்தது, அதைக்கொண்டு என்ன செய்தார் என்று கேட்போம். அப்படிக் கேட்டால், நண்பரே, பாஞ்சாலங்குறிச்சியில் தோற்றவர் தளபதிதான். அங்கே வந்துபோன பலரினும் மேலான தளபதி.