பூனை வணங்கும் செடி

மழை பெய்து ஓய்ந்த ஒரு விடுமுறை நாளில் கொல்லைப்புறத்தில் களை பிடுங்கியிருக்கிறீர்களா? பிடுங்கிய களைகளுள் குப்பைமேனியும் இருந்திருக்கும். சாலையோரம், குப்பைமேடு, கிணற்றடி என்று எங்கும் தானாக முளைக்கும் செடி அது. அதை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி ஓரமாகப் போட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். வீட்டில் பூனை இருந்தால் ஒரு வேடிக்கையைக் காணலாம்.

பூனை மெல்ல வந்து வேரை முகர்கிறது, நக்குகிறது, கன்னத்தை அதன்மேல் தேய்க்கிறது. பிறகு தரையில் சாய்ந்து இப்படியும் அப்படியும் புரள்கிறது. முன்கால்களால் வேரை அணைத்துக்கொள்கிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் வாங்குவதில்லை. சுமார் கால் மணி நேரம் சென்றதும், ஒன்றும் நடவாதது போல் எழுந்து, உடலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு போய்விடுகிறது.

நம் முன்னோர் இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். குப்பைமேனிக்குப் ‘பூனைவணங்கி’ என்றே ஒரு பெயர் உண்டு. ‘மார்ச்சாலமோகினி’ என்பது மற்றொரு பெயர். மார்ச்சாலம் என்றால் பூனை. பூனையை மயக்குவது என்பது பொருள்.

எலியும் மீனும் தின்னும் பூனைக்கு ஒரு களைச்செடியின் வேரில் என்ன வேலை? இந்தக் கேள்விக்கு விடை காண, முதலில் மேலை நாட்டுச் செடி ஒன்றைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

பூனைப் புதினா

ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் இயற்கையாக வளரும் அச்செடியின் பெயர் கேட்நிப். தாவர நூல்கள் அதை நெபெட்டா கட்டாரியா என்று குறிக்கும். புதினா, துளசி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. நாம் அதைப் பூனைப் புதினா என்று அழைக்கலாம். மேலை நாடுகளில் அதன் உலர்ந்த இலையைச் சிறு துணிப் பொம்மைக்குள் அடைத்துப் பூனைக்கு விளையாடக் கொடுப்பார்கள். நம் பூனை குப்பைமேனி வேரில் செய்யும் அத்தனை சேட்டைகளையும் அங்குள்ள பூனைகள் அந்தப் பொம்மையிடம் செய்யும்.

1941-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் சாமுவேல் மெக்கெல்வெயினும் அவருடைய தோழர்களும் அச்செடியின் எண்ணெயை ஆராய்ந்தனர். அதிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்த முக்கியப் பொருளுக்கு நெப்பட்டாலாக்டோன் என்று பெயர். பூனையை மயக்குவது இதுதான். எளிதில் ஆவியாகும் பொருளாதலால், இலையைக் கசக்கியதும் காற்றில் பரவிவிடுகிறது.

அப்படியானால் பூனை அதைத் தின்று மயங்குகிறதா, முகர்ந்து மயங்குகிறதா? பூனைக்கு வாசனையை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மூக்கு. மற்றொன்று மேலண்ணத்தில் உள்ள யாக்கப்சன் உறுப்பு. 1985-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது. யாக்கப்சன் உறுப்பு வேலை செய்யாதபோதும் பூனைகள் புரண்டன. ஆனால், மூக்கின் மோப்பச் செய்தி மூளைக்குச் செல்லாதபடி தடுத்ததும் புரள்வது நின்றுவிட்டது. ஆக, மயக்கம் நுழையும் வழி மூக்குதான்.

இன்னொரு விந்தை. எல்லாப் பூனைகளும் இதற்கு மயங்குவதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பூனைகளே மயங்குகின்றன. மற்றவை முகர்ந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளும் பெரும்பாலும் மயங்குவதில்லை. 1962-ல் நீல் டாட் என்பவர் பூனைக் குடும்பங்களை ஆராய்ந்து, இந்த இயல்பு பெற்றோரிடமிருந்து குட்டிக்கு வரும் பரம்பரைப் பண்பு என்று காட்டினார். ஒரே ஒரு ஜீன் இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். பல ஜீன்கள் சேர்ந்து இப்பண்பைத் தீர்மானிக்கின்றன என்பது பின்னர் வந்த ஆராய்ச்சிகளின் முடிவு. சிறுத்தையும் சிங்கமும்கூட இவ்வாசனைக்கு மயங்குவதுண்டு. காட்டு ராஜா தரையில் புரளும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள்!

கொசு சொன்ன விடை

செடி எதற்காக இப்பொருளை உண்டாக்குகிறது? பூனையை மகிழ்விக்கவா? இல்லை. 1964-ல் தாமஸ் ஐஸ்னர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, நெப்பட்டாலாக்டோனைக் கண்டு பலவகைப் பூச்சிகள் விலகி ஓடுவதைக் காட்டினார். தன்னைத் தின்ன வரும் பூச்சிகளை விரட்டவே செடி இதைத் தயாரிக்கிறது. அது செடியின் ஆயுதம்.

பூனை அந்த ஆயுதத்தை இரவல் வாங்கிக்கொள்கிறது என்பதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்டனர். ஜப்பானில் மடாடாபி என்றொரு கொடி உண்டு. அதற்கும் பூனைகள் மயங்கும். அதிலுள்ள நெப்பட்டாலாக்டால் என்ற பொருளைத் தாளில் தடவி அவர்கள் பூனைகளுக்குக் கொடுத்தார்கள். பூனைகளின் இரத்தத்தில் எண்டார்பின் அளவு உயர்ந்தது. எண்டார்பின் என்பது உடல் தானே தயாரிக்கும் இன்பப் பொருள். மார்ஃபினைப் போல் வேலை செய்வது. மார்ஃபினின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தை முன்னதாகக் கொடுத்தபோது, பூனைகள் தாளில் தேய்த்துப் புரள்வது குறைந்துவிட்டது.

அடுத்து, அப்பொருள் தடவிய தாளில் தலையைத் தேய்த்துக்கொண்ட பூனைகளையும், தேய்க்காத பூனைகளையும் கொசுக்களிடையே விட்டனர். தேய்த்துக்கொண்ட பூனைகளின் தலையில் வந்து உட்கார்ந்த கொசுக்கள் கணிசமாகக் குறைவு! நாம் கொசுவத்தி ஏற்றுகிறோம். பூனை செடியில் புரண்டு கொசுமருந்து பூசிக்கொள்கிறது. பூனை செடியைக் கடித்துக் கசக்கும்போது வாசனை பல மடங்கு அதிகமாக வெளிப்படுகிறது என்றும் அவர்களே 2022-ல் கண்டனர். புரள்வது வெறும் பைத்தியக்காரத்தனம் அல்ல என்பது அவர்கள் கருத்து.

சரி, நம் குப்பைமேனிக்கு வருவோம். இந்துமாக்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. அங்கே வீட்டை விட்டு ஓடிக் காட்டில் வாழப் பழகிய பூனைகள் பறவைகளை வேட்டையாடி வந்தன. அவற்றைப் பிடிக்க வழி தேடியவர்களின் கண்ணில் பட்டது குப்பைமேனி வேர். அவ்வேரை ஆராய்ந்த ஆஸ்திரேலிய வேதியியலாளர்கள், அதில் நெப்பட்டாலாக்டோனுக்கு நெருங்கிய உறவுடைய பொருள்கள் இருப்பதை 2016-ல் அறிவித்தனர். குப்பைமேனி ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. பூனைப் புதினா துளசிக் குடும்பம். உறவே இல்லாத இரு செடிகள். ஒரே வகை இரசாயனம்! பூனைவணங்கி என்று பெயர் வைத்தவர்கள் வேதியியல் படிக்கவில்லை. ஆனால் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள்.

நீங்களும் சோதிக்கலாம்

இச்சோதனையை உங்கள் வீட்டுப் பூனையை வைத்தே செய்யுங்கள். தெருப் பூனை வேண்டாம். வெறிநோய்த் தடுப்பூசி போட்ட பூனையாக இருப்பது அவசியம்.

ஒரு குப்பைமேனிச் செடியின் வேரைக் கழுவி, இலேசாக நசுக்கி, மெல்லிய துணியில் முடிந்து கொள்ளுங்கள். பூனை வேரை விழுங்கி வாந்தி எடுக்காமலிருக்கவே இந்த முடிச்சு. அதே அளவில் வேறொரு புல்லின் வேரையும் நசுக்கி மற்றொரு துணியில் முடியுங்கள். இரண்டையும் பூனையின் முன் வைத்துவிட்டு விலகி உட்காருங்கள். எதை நாடுகிறது? எத்தனை நிமிடம் புரள்கிறது? கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பூனை மயக்கத்தில் இருக்கும்போது தொடாதீர்கள், பிறாண்டிவிடும். பத்து நிமிடத்தில் முடிச்சுகளை எடுத்துவிடுங்கள். மயக்கம் தெளிந்த உடனே மறுபடி கொடுத்தால் பெரும்பாலும் பலனிராது. மணிக்கணக்கில் இடைவெளி வேண்டும்.

பூனை வளர்க்கும் உங்கள் வகுப்பு நண்பர்களையும் தம் வீடுகளில் இதைச் செய்யச் சொல்லி, பூனையின் வயது, ஆணா பெண்ணா, மயங்கியதா இல்லையா என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற கணக்கு உங்கள் ஊரிலும் ஒத்துவருகிறதா?

இதனால் வீட்டிற்கும் ஒரு பயன் உண்டு. பூனை நாற்காலியையும் கதவையும் பிறாண்டுவது குறும்பினால் அல்ல. நகத்தின் மேல்தோட்டை உதிர்க்கவும், பாதத்திலுள்ள வாசனையைப் பதிக்கவும் அதற்குப் பிறாண்டியே ஆகவேண்டும். அடித்துப் பயனில்லை. ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றை இறுகச் சுற்றி நிறுத்தி, அதில் குப்பைமேனி வேரைத் தேய்த்து வையுங்கள். நாற்காலி பிழைத்துக்கொள்ளும்.

நமக்கு மருந்து, அதற்கு நஞ்சு

நமக்கு ஒன்றுமே செய்யாத ஒரு வேர் பூனையை ஆட்டிவைக்கிறது. இதன் மறுபக்கத்தையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். நமக்கு நன்மை செய்யும் ஒரு பொருள் பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

உங்கள் பூனை ஒருநாள் சுருண்டு படுத்திருக்கிறது. தொட்டால் உடல் சுடுகிறது. ‘பாவம், காய்ச்சல்’ என்று இரக்கப்பட்டு, நாம் சாப்பிடும் பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்க நினைக்கிறீர்கள். நிறுத்துங்கள்! அந்த ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

காரணம் என்ன? நம் கல்லீரல் பாராசிட்டமாலுடன் குளுக்குரோனிக் அமிலம் என்ற பொருளை இணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதியை உண்டாக்கும் ஜீன் பூனையிடம் பழுதுபட்டுக் கிடக்கிறது. ஆதலால் மருந்து உடலில் தங்கி நஞ்சாக மாறுகிறது. இரத்தச் சிவப்பணுக்கள் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனை இழக்கின்றன. ஈறுகள் பழுப்பாகவோ நீலமாகவோ மாறுகின்றன. முகமும் பாதமும் வீங்குகின்றன. இறைச்சி மட்டுமே தின்று வாழ்ந்த முன்னோர்களுக்குத் தாவர நஞ்சுகளை முறிக்கும் கருவி தேவைப்படவில்லை. தேவைப்படாதது காலப்போக்கில் துருப்பிடித்துவிட்டது என்று விஞ்ஞானிகள் விளக்குகின்றனர்.

தரை துடைக்கும் பினாயிலும் இதே காரணத்தால் பூனைக்கு ஆபத்து. ஈரத்தரையில் நடந்த பாதத்தை அது நக்கும் அல்லவா? வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை அழிக்கும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றிலுள்ள பெர்மெத்ரின் பூனையின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும். லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுவிடும்.

உணவிலும் பூனை தனி வழிதான். அதற்கு இனிப்புச் சுவை தெரியாது. அச்சுவையை உணரும் ஜீனும் பழுது என்று 2005-ல் கண்டறிந்தனர். டாரின் என்ற பொருளை நம் உடல் தானே தயாரித்துக்கொள்ளும்; பூனையால் போதிய அளவு இயலாது. இறைச்சி, மீன், எலி ஆகியவற்றிலிருந்துதான் பெறவேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும் என்பது 1975-லும், இதயம் பலவீனமடையும் என்பது 1987-லும் தெரியவந்தன. மாடி வீட்டில் அடைபட்டு, எலி பிடிக்க வழியின்றி, பால்சோறு மட்டும் தின்னும் பூனையின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். மீனை அவித்துப் போட்டால் அந்த நீரையும் சேர்த்துக் கொடுங்கள். டாரின் நீரில் கரைந்துவிடும்.

பூனை நோயை மறைக்கும்

நோயுற்ற பூனை நாய் போல முனகி நம்மிடம் வராது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஆகவே நீங்கள்தான் கவனிக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் உண்ணாதிருத்தல், உடலை நக்காமல் ரோமம் சிலிர்த்திருத்தல், வழக்கமில்லாத இடத்தில் ஒளிதல் ஆகியவை அடையாளங்கள். கடுவன் பூனை அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்; தாமதித்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வைத்தியம் நீங்களே செய்யாதீர்கள். பூனை உங்களைக் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வீட்டாருக்குப் பயந்து மறைக்காதீர்கள்.

நம் மடியில் படுத்து, நம் தட்டருகே உட்கார்ந்தாலும் பூனை நம்மைப் போன்ற பிராணி அல்ல. அதன் மூக்கு வேறு, நாக்கு வேறு, கல்லீரல் வேறு. அடுத்த முறை குப்பைமேனி வேரில் உங்கள் பூனை புரளும்போது சிரித்து மகிழுங்கள். கூடவே, அலமாரியில் இருக்கும் மாத்திரைப் பட்டை பூனைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.