ஜீப்பில் வாக்கி-டாக்கி வைக்கப் போறீங்களா? எதை வாங்கணும், எப்படிப் பேசணும், எங்கே அணைக்கணும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாத்தூரிலிருந்து மூன்று ஜீப்கள் கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி கரிசல் காட்டுப் பாதையில் போகிறார்கள். முந்தின நாள் நல்ல மழை. முதல் வண்டி எப்படியோ தாண்டிவிட்டது. இரண்டாவது வண்டி சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. முன்னால் போனவருக்கு அது தெரியாது. போனை எடுத்தால் டவர் இல்லை.

'ஒரு வாக்கி-டாக்கி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்' என்ற பேச்சு இப்படித்தான் வரும். வீட்டுக்கு வந்ததும் ஆன்லைனில் தேடி, இருப்பதிலேயே அதிக வாட்ஸ் எதுவோ அதை ஆர்டர் போட்டுவிடுவோம். தப்பு தொடங்குவதே அங்கேதான். அது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். நினைத்த தூரமும் கிடைக்காமல் போகலாம்.

போன் இருக்கும்போது ரேடியோ எதுக்கு?

போன் பேச நடுவில் டவர் வேண்டும். வாக்கி-டாக்கிக்கு அது தேவையில்லை. ஒரு செட்டிலிருந்து கிளம்பும் அலை நேராக இன்னொரு செட்டுக்குப் போகிறது. நம்பர் தேட வேண்டாம், ரிங் போக வேண்டாம். பட்டனை அழுத்தியதும் அதே சேனலில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். ஒரே ஒரு கட்டுப்பாடு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் சேர்ந்து அழுத்தினால் யார் பேசியதும் ஒழுங்காகப் புரியாது.

லைசென்ஸ் இல்லாமல் எதை வாங்கலாம்?

இந்தியாவில் அனுமதியோ விலக்கோ இல்லாத வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதே குற்றம். 1933-ம் ஆண்டின் வயர்லெஸ் டெலிகிராபி சட்டம் தொட்டு இருக்கும் விதி இது. 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இதையே சொல்கிறது.

அதில் ஒரு விலக்கு உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்தி வாக்கி-டாக்கிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'இடிஏ' என்ற கருவி ஒப்புதல் இருக்க வேண்டும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல செட்கள் இந்த எல்லைக்குள் அடங்காது. போலீஸ் போன்ற துறைகள் பயன்படுத்தும் அலைவரிசைகளிலும் அவை பேசும். தெரியாமல் பட்டனை அழுத்தினாலும் யாரோ ஒருவரின் அவசர அழைப்பின் குறுக்கே நீங்கள் விழலாம். இதனால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இ-காமர்ஸ் தளங்களுக்கு வழிகாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. எந்த அலைவரிசை, லைசென்ஸ் தேவையா, ஒப்புதல் இருக்கிறதா என்பதையெல்லாம் விற்பனைப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். அந்த விவரம் இல்லாத செட்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வாட்ஸ் கூடினால் தூரம் கூடுமா?

ஓரளவுக்குத்தான். இந்த அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவையோ குன்றையோ வாட்ஸால் தாண்ட முடியாது. உயரம்தான் தாண்ட வைக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆன்டெனாவுக்கு ரேடியோ தொடுவானம் சுமார் 5 கிலோமீட்டர். அதே செட்டோடு 4 மீட்டர் உயரக் கண்மாய்க் கரையில் ஏறி நின்றால் அது 9 கிலோமீட்டரைத் தாண்டும். செட்டையும் மாற்றவில்லை, காசும் செலவழிக்கவில்லை.

இதெல்லாம் தடையே இல்லாத வெட்டவெளிக்கான கணக்கு. நம்ம பக்கம் சீமைக்கருவேலம் அடர்ந்து நிற்கும் இடத்தில் இலையும் கிளையும் அலையை விழுங்கிவிடும். குறைந்த சக்தி செட்டில் ஓரிரு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல விஷயம். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய பெரிய தூரங்களை நம்பி இடைவெளி விட்டு ஓட்டாதீர்கள்.

இந்த எல்லை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கன்னியாகுமரி மாவட்டம் 2017-ல் பார்த்தது. நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்குக் கரையிலிருந்து போன எச்சரிக்கை எட்டவில்லை. படகுகளில் இருந்த விஎச்எஃப் செட்களால் அவ்வளவு தூரம் கேட்க முடியாது. அதன் பிறகுதான் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் பக்கம் அரசின் கவனம் திரும்பியது. கையில் ரேடியோ இருப்பது மட்டும் போதாது, அது எதுவரை எட்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னும் தூரம் வேணும்னா?

அதற்கு முறையான வழி ஹாம் ரேடியோ. 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிமுறைகளும்தான் பாடம். 'ரெஸ்ட்ரிக்டட்' பிரிவுக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. தொலைத்தொடர்புத் துறையின் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. குழுவில் ஒருவரிடம் மட்டும் லைசென்ஸ் இருந்தால் போதாது, பேசும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். தொழிலுக்கு, உதாரணமாகக் காசு வாங்கி நடத்தும் டூருக்கு, ஹாம் ரேடியோவைப் பயன்படுத்தக் கூடாது. வண்டியில் பொருத்திப் பேச உங்கள் லைசென்ஸில் அனுமதி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு அந்தமானில் இருந்தது. போன் தொடர்பு அறுந்துபோன தீவுகளிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியதில் அவர்களின் பங்கு பெரியது.

வண்டியில் எப்படிப் பொருத்துவது?

லைசென்ஸ் வேண்டாத கைச்செட்டில் பொருத்தும் வேலையே இல்லை. ஆன்டெனா செட்டோடு சேர்ந்தே இருக்கும், கழற்றி மாற்ற முடியாது. ஆனால் ஜீப்பின் இரும்புக் கூண்டு அலையைத் தடுக்கும். அதனால் பேசும்போது செட்டை ஜன்னல் ஓரம் நிமிர்த்திப் பிடியுங்கள். சரியாகக் கேட்கவில்லையா? வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுங்கள்.

லைசென்ஸ் எடுத்து நிரந்தர செட் வைப்பவர்களுக்கு:

பவர்: 50 வாட்ஸ் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் இதைத் தாங்காது. பேட்டரியிலிருந்தே தனி வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போடுங்கள்.

ஆன்டெனா: இரும்புக் கூரையின் நடுப்பகுதி சிறந்த இடம். கீழே இருக்கும் உலோகத் தகடும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாக வேலை செய்யும். துணிக்கூரை ஜீப்பில் காந்த ஆன்டெனா நிற்காது. பானெட் ஓரத்தில் பிராக்கெட் போட்டுக்கொள்ளலாம். 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை ஆன்டெனாவின் நீளம் சுமார் அரை மீட்டர் என்பதால் கிளையில் மாட்டாத இடமாகப் பாருங்கள்.

கேபிள்: கதவு இடுக்கில் நசுங்கினால் சக்தி வீணாகும். பொருத்தியதும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் ஒரு தடவை சோதியுங்கள். 1.5-க்குக் கீழே வந்தால் நல்லது, 2-ஐத் தாண்டினால் எங்கோ கோளாறு. ஆன்டெனா இல்லாமல் மட்டும் பட்டனை அழுத்தவே அழுத்தாதீர்கள். செட் எரிந்துபோகலாம்.

எப்படிப் பேசணும்?

முதலில் யார் பேசணும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓட்டுநர் பேசக் கூடாது. கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதலில் சேரும். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசட்டும்.

வண்டிக்கு ஒரு பெயர் வையுங்கள். ஒன்றோடொன்று குழம்பாத பெயராக இருக்கட்டும். சாத்தூர்க்காரர்களுக்குப் பஞ்சமா என்ன? சேவு, வெள்ளரி, கருப்பட்டி! கூப்பிடும் வண்டியின் பெயர் முதலில், உங்கள் பெயர் அடுத்து, கடைசியில் விஷயம்.

"சேவு, சேவு, கருப்பட்டி பேசுறேன். வெள்ளரி சேத்துல மாட்டிக்கிச்சுண்ணே. அங்கேயே நில்லுங்க. ஓவர்."

பட்டனை அழுத்தி ஒரு நொடி கழித்துப் பேசுங்கள். இல்லையென்றால் முதல் சொல் வெட்டுப்படும். கேட்டவர் விஷயத்தைத் திருப்பிச் சொல்லணும்: "வெள்ளரி மாட்டிக்கிச்சு, நான் நிக்கிறேன். ஓவர்."

மீட்பு வேலையில் இது இன்னும் முக்கியம். வின்ச் கயிறு விறைத்து நிற்கும்போது அறுந்தால் சாட்டை மாதிரி வீசும், உயிரே போகலாம். அந்த நேரத்தில் கட்டளை சொல்பவர் ஒரே ஒருவர்தான். 'நில்லு' என்ற சொல்லுக்கு மட்டும் விதிவிலக்கு. அதை யார் சொன்னாலும் எல்லோரும் நிறுத்தணும். கிண்டலுக்குக்கூட அந்தச் சொல்லை எடுக்காதீர்கள்.

எங்கே அணைக்கணும்?

இந்தக் கேள்வியை வேறு ஊரைவிட நம்ம மாவட்டம் அதிகமாகக் கேட்டாக வேண்டும். சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி சுற்றுவட்டாரத்தில் மண்பாதைகள் பலவும் பட்டாசு ஆலைகளையோ கல்குவாரிகளையோ ஒட்டித்தான் போகின்றன.

மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டரிலும், வாணவேடிக்கை ஷோக்களில் பயன்படும் மின் இக்னைட்டரிலும் நீளமான வயர்கள் இருக்கும். பக்கத்தில் யாராவது ரேடியோவில் பேசினால் அந்த வயரே ஆன்டெனாவாகி மின்னோட்டத்தை வாங்கலாம். அதனால்தான் வெடி வைக்கும் இடங்களில் 'ரேடியோவை அணைக்கவும்' என்று பலகை வைக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது.

திரி கொளுத்தும் சாதாரணப் பட்டாசை ரேடியோ அலை வெடிக்க வைக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மருந்துத் தூள் கிடக்கும் இடத்தில் பேட்டரி முனையின் ஒரு சின்னப் பொறிகூட ஆபத்துதான். 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குக் காரணம் ரேடியோ இல்லை. ஆனால் உள்ளே வேலை பார்ப்பவர்கள் செல்போனைக்கூட வெளியில் வைத்துவிட்டுப் போகும் இடத்தில், வேலிக்கு வெளியே போகிற நமக்கும் பொறுப்பு உண்டு.

அதனால் ஆலையோ குவாரியோ வரும் முன்பே மூன்று வண்டியிலும் சொல்லிவிட்டு செட்டை முழுசாக அணையுங்கள். பேசாமல் இருந்தால் மட்டும் போதாது. 'வாக்ஸ்' வசதி ஆன் ஆகியிருந்தால் சத்தம் கேட்டதும் செட் தானாகவே ஒலிபரப்பிவிடும். தாண்டிய பிறகு எங்கே ஆன் செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், ரேடியோ இருக்கிறது என்பதற்காகக் காட்டுக்குள் இறங்கிவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை 2021-லிருந்து புலிகள் காப்பகம். அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

எல்லோரும் ஒரே சேனலா? பேட்டரி ஃபுல்லா? முன்வண்டி, கடைசி வண்டி யார்? தொடர்பு விட்டுப்போனால் எங்கே காத்திருப்பது? நான்குக்கும் பதில் தெரிந்த பிறகு சாவியைப் போடுங்கள். கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். ரேடியோவும் ஒருநாள் கைவிடும். அன்றைக்கு முன்வண்டியைத் திரும்பி வரவைப்பது கிளம்பும் முன் நீங்கள் பேசி வைத்ததுதான்.