குளிர் காட்டிக்கொடுக்கும் கோளாறு

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸைத் தொடுவது புதிதல்ல. வெட்டவெளியில் நின்ற 1980களின் பிக்கப் டிரக் ஒன்றில் காலையில் சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம், விளக்குகள் மங்கும், செல்ஃப் எடுக்காது. பேட்டரியை மாற்றுவார்கள். சில நாள் ஓடும், மறுபடி அதே 'டக்'. அடுத்து செல்ஃப் மோட்டாரை மாற்றுவார்கள், பிறகு ஆல்டர்னேட்டரை. மூன்றையும் மாற்றிய பிறகும் கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இத்தனைக்கும் குளிர் ஒயரின் மின்தடையைக் கூட்டுவதே இல்லை. வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால் செம்பின் மின்தடை சுமார் 0.4 சதவீதம் குறையும். 20 டிகிரியிலிருந்து மைனஸ் 40க்குப் போனால் மின்தடையில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். அடி வாங்குவது பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை. மைனஸ் 18 டிகிரியில் ஈய-அமில பேட்டரியிடமிருந்து கிடைப்பது வழக்கமான திறனில் ஏறக்குறைய பாதிதான். அதே நேரத்தில் என்ஜின் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் மோட்டார் கூடுதல் கரண்ட் கேட்கிறது. வரவு பாதி, செலவு அதிகம்.

ஆனால் நல்ல பேட்டரி போட்ட பிறகும் வண்டி மறுத்தால்? அப்போது சந்தேகப்பட வேண்டியது எர்த்தை. பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து என்ஜினுக்கு ஒரு தடித்த ஒயர், என்ஜினிலிருந்து சேசிஸுக்கும் பாடிக்கும் பின்னல் பட்டைகள். கரண்ட் திரும்பி வரும் வழி இவைதான். பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, பல ஆண்டுகளாக இந்த இணைப்புகளுக்குள் புகுந்து அரித்திருக்கும். துருப்பிடித்த ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அதனால் இழப்பு 0.05 வோல்ட், யாருக்கும் தெரியாது. 200 ஆம்பியர் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்கோ 2 வோல்ட் போய்விடும். குளிரில் அது 300 ஆம்பியர் கேட்டால் இழப்பு 3 வோல்ட். கோடையில் தட்டுத்தடுமாறி எடுத்த வண்டி ஜனவரியில் நின்றுபோவது இதனால்தான்.

சிலசமயம் 'டக்' தொடர்ச்சியாக 'டகடகடக' என்று வரும். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டை இணைக்கும் மின்காந்த ஸ்விட்சான சோலினாய்டு இழுத்து இணைப்பு கொடுத்ததும் வோல்டேஜ் சரிகிறது, சரிந்ததும் சோலினாய்டு விட்டுவிடுகிறது, விட்டதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. இன்டிகேட்டர் போட்டால் சம்பந்தமில்லாத பின்விளக்கும் மங்கலாக மினுக்குகிறதா? அங்கேயும் எர்த் விட்டிருக்கிறது. திரும்பிவர வழியில்லாத கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாக வழி தேடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பயனில்லை. அரித்துப்போய் நான்கைந்து இழைகள் மட்டும் மிஞ்சிய ஒயரும் 'பூஜ்யம்' என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் அதில் செலுத்தும் கரண்ட் மிகச் சிறியது. பளு ஏறும்போதுதான் ஒயரின் உண்மை நிலை தெரியும். ஆகவே டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் (கிளாம்பில் அல்ல) மறுமுனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை சாவியைத் திருகச் சொல்ல வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே, பிறகு கிளாம்புக்கும் ஒயர் நுனிக்கும் நடுவே, பிறகு நுனிக்கும் பிளாக்குக்கும் நடுவே என்று நகர்ந்தால் வோல்ட் தொலையும் இடம் அகப்படும். பாசிட்டிவ் பக்கமும் இதே முறைதான், அங்கே 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் ஒரு பாகத்தையும் வாங்கவே கூடாது என்பேன்.

ஒரு எச்சரிக்கை. முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. வடிந்துபோன பேட்டரியின் அமிலம் தண்ணீர்போல் நீர்த்திருப்பதால் மைனஸ் 7 அளவிலேயே உறையத் தொடங்கும். பக்கம் உப்பிய, உறைந்த பேட்டரிக்கு இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுத்தால் அது வெடிக்கக்கூடும்.

எல்லையைத் தாண்டி அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்ஜினைச் சூடாக வைத்திருக்கும் மின் ஹீட்டருக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். இன்றும் அந்தப் பகுதிகளில் வண்டியின் முன்பக்கம் ஒரு பிளக் தொங்குவதைப் பார்க்கலாம். ஆயில் இளகியிருந்தால் செல்ஃப் மோட்டாரின் சுமை குறையும், பழுதான எர்த்தும் சமாளித்துவிடும். அதனாலேயே கோளாறு தேடும் இரவில் அந்த பிளக்கைச் சொருகக் கூடாது. சூடான பட்டறைக்குக் கட்டி இழுத்துப்போன வண்டி அங்கே முதல் திருகலிலேயே எடுத்துக்கொள்ளும், மெக்கானிக்குக் காட்ட எதுவும் மிஞ்சாது. வண்டியை இரவு முழுக்க வெளியே நிறுத்தி, விடிந்ததும் முதல் திருகலிலேயே மீட்டரைப் பிடிக்க வேண்டும். துருவைச் சுரண்டி, போல்ட்டை இறுக்கி, கிரீஸ் தடவிய பிறகு, அடுத்த குளிர்ந்த காலையில் அதே அளவை மறுபடியும் எடுக்க வேண்டும்.