சோடியம் பைகார்பனேட்டும் உடற்பயிற்சித் திறனும்

சோடியம் பைகார்பனேட்டு என்பது சமையல் சோடா, ஆப்பசோடா ஆகிய பெயர்களில் கடைகளில் கிடைக்கும் காரத்தன்மையுள்ள உப்பு ஆகும். கடுமையான குறுநேரப் போட்டிகளில் களைப்பைத் தாமதப்படுத்த விளையாட்டு வீரர்கள் இதனைத் துணை உணவாக உட்கொள்கின்றனர். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட கருத்தறிக்கை, திறனை உயர்த்தப் போதிய சான்று உள்ள மிகச் சில துணை உணவுகளுள் இதனையும் சேர்த்துள்ளது.

செயல்படும் விதம்

கடும் பயிற்சியின்போது தசைகளில் ஐதரசன் அயனிகள் பெருகி அமிலத்தன்மை உயர்கிறது. தசைக் களைப்புக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. பைகார்பனேட்டு தசைச் செல்களுக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு உயரும்போது, ஐதரசன் அயனிகளும் இலாக்டேட்டும் தசையிலிருந்து இரத்தத்திற்கு விரைவாக வெளியேறுகின்றன. அங்கு ஐதரசன் அயனிகள் பைகார்பனேட்டுடன் வினைபுரிந்து நீரும் கார்பன் டைஆக்சைடும் உருவாகின்றன. இவ்வளிமம் மூச்சு வழியாக வெளியேறுகிறது.

அளவும் விளைவும்

உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.2 முதல் 0.3 கிராம் வரை, போட்டிக்கு 1 முதல் 3 மணி நேரம் முன்பு உட்கொள்ளப்படுகிறது. ஏறத்தாழ 30 விநாடி முதல் 12 நிமிடம் வரை நீடிக்கும் கடும் முயற்சிகளில் பயன் தெரிகிறது. நடுத்தூர ஓட்டம், நீச்சல், துடுப்புப் படகோட்டம், குத்துச்சண்டை, சூடோ ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். ஒரு நிமிட அளவிலான முயற்சிகளில் முன்னேற்றம் சுமார் 2 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ ஒரு விநாடி மட்டுமே. பதக்கத்தைத் தீர்மானிக்க அது போதும். உடல்நலத்திற்காகப் பயிற்சி செய்வோருக்கு அதனால் பெரிய பயனில்லை. ஒரே முறை எடை தூக்குதல் போன்ற நொடிப்பொழுது முயற்சிகளில் அமிலம் சேரும் முன்பே முயற்சி முடிந்துவிடுகிறது.

பக்க விளைவுகள்

வயிற்று உப்புசம், குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியன ஏற்படலாம். இவை கடுமையானால் திறன் உயர்வதற்கு மாறாகக் குறையும். அளவைப் பலமுறையாகப் பிரித்து, மாவுச்சத்து உணவுடன் உட்கொள்வது இத்தொல்லையைக் குறைக்கும். ஒருவருக்கு ஒத்துக்கொள்வது மற்றவருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், போட்டி நாளில் முதன்முறையாக முயல்வது பொருத்தமன்று.

மேலும், 70 கிலோகிராம் எடையுள்ளவருக்கான 21 கிராமில் சுமார் 5.7 கிராம் சோடியம் உள்ளது. பெரியவர்களுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கும் நாளொன்றுக்கான வரம்பு 2 கிராமுக்கும் குறைவு. எனவே உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனையின்றி இதனை உட்கொள்ளக் கூடாது.

விதிமுறைகள்

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் சோடியம் பைகார்பனேட்டு இடம்பெறவில்லை. ஆனால் குதிரைப் பந்தயத்தில், குதிரைக்குக் குழாய் வழியாக இதனைச் செலுத்தும் 'மில்க்சேக்' என்னும் முறை பல நாடுகளில் தடைசெய்யப்பட்டுள்ளது.