பெரட்டு நேரத்தில் எழுந்தால் மலாக்காவில் 21 கிலோமீட்டர் ஓடலாம்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலாக்கா போய், சிவப்புக் கட்டடத்தின் முன் படம் எடுத்து, செண்டோல் குடித்துத் திரும்புவது ரெங்கம் வட்டாரத்தில் பலருக்கும் பழக்கமான பயணம். அதே நகரை விடியும் முன் கால்நடையாக ஓடிக் கடக்க வேண்டும் என்ற ஆசை இப்போது நாற்பதைத் தாண்டிய நம்மவர்களிடமும் வந்திருக்கிறது. மலாக்கா ஆற்றின் பெயரிலேயே அனைத்துலக மாரத்தான் நடந்திருக்கிறது. அதில் முழு மாரத்தானோடு 21 கிலோமீட்டர் பிரிவும் இருந்தது. பினாங்குப் பாலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஓடும் மாரத்தானும் நாடறிந்தது. ஆசை நல்லதுதான். ஆனால் பெயரைப் பதிந்துவிட்டு மூன்று வாரம் திடலைச் சுற்றினால் போதும் என்று நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அரை மாரத்தானின் சரியான தூரம் 21.0975 கிலோமீட்டர். முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டர் 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட தூரம். அது 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. அதில் பாதிதான் இது. பாதிதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் விடாமல் நடந்தாலும் மூன்றரை மணி நேரம் பிடிக்கும். பல போட்டிகளில் அந்த நேரத்துக்குள் முடிப்புக் கோட்டைத் தொடாதவரின் ஓட்டம் கணக்கில் சேராது. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்று மெதுவாக ஓடினால் ஏறக்குறைய 2 மணி 49 நிமிடத்தில் முடியும். முதல்முறை ஓடுகிறவருக்கு அதுவே தாராளமான இலக்கு.

தூரத்தைக் காட்டிலும் பெரிய எதிரி நம் ஊர்ச் சூடு. அதிகாலையில் வெயில் இல்லையே என்று கேட்கலாம். வெயில் இல்லை, ஆனால் காற்றில் ஈரம் நிரம்பியிருக்கிறது. உடம்பைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதுதான், வியர்வை கொட்டுவது மட்டுமல்ல. நீரிணை ஓரத்து நகரங்களில் விடியற்காலை ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடும்போது சட்டை நனைந்து சொட்டும், உள்ளே சூடு அப்படியே தங்கும். அதனால்தான் இங்கே போட்டிகள் இருட்டிலேயே தொடங்குகின்றன. 1982இல் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்த பிறகு தீபகற்பத்தில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய ஏழு மணிக்கு. ஐந்து மணிக்குப் புறப்படுகிறவருக்கு இரண்டு மணி நேரம் நிழல் கிடைக்கிறது. மெதுவாக ஓடுகிறவர்தான் கடைசி ஐந்தாறு கிலோமீட்டரை வெயிலில் ஓட வேண்டிவரும்.

உடல் சூட்டுக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கணக்கு. குளிர்சாதன அறையில் ஓட்ட இயந்திரத்தில் பயிற்சி செய்துவிட்டு நேரே மலாக்காவுக்குப் போகிறவர் அந்தப் பழக்கம் இல்லாமலேயே போகிறார். ரெங்கத்துக்காரருக்கு அந்தக் குறை இல்லை. வெளியே இறங்கினாலே போதும்.

பாட்டன் பாட்டி நடந்த தூரம்

ரெங்கம் என்றதும் சிம்பாங் ரெங்கத்தை நினைப்பவர்கள் உண்டு. அது நெடுஞ்சாலை ஓரத்து ஊர், இது ரயில் பாதை ஓரத்து ஊர். சுற்றிலும் அன்று ரப்பர், இன்று பெரும்பாலும் செம்பனை. இருட்டில் பெரட்டுக்கு எழுந்து, ஒரு நிரைக்கு நானூறு ஐந்நூறு மரம் என்று வெட்டி, பால் வாளியைக் காண்டாவில் தூக்கி நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் நடந்த தூரத்தை யாரும் அளந்து பதக்கம் கொடுக்கவில்லை. இன்று அதே நேரத்தில் எழுந்து தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்து செனாய்க்கும் கூலாய்க்கும் போகிறோம். எழும் நேரம் மாறவில்லை, உட்காரும் நேரம் கூடிவிட்டது. சாப்பாட்டின் அளவும் குறையவில்லை.

விளைவு என்ன? 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடம் அது 31.4 விழுக்காடு. அதாவது மூவரில் ஒருவர் என்று சொல்லும் நிலை. ஆகவே ரெங்கத்தில் ஒரு பத்துப் பேர் சேர்ந்து ஓடக் கிளம்பினால், அதில் மூவரை மனத்தில் வைத்துத்தான் பயிற்சியைத் திட்டமிட வேண்டும். அந்த மூவரில் ஒருவருக்குத் தமக்கு நோய் இருப்பதே தெரியாமலும் இருக்கலாம்.

எனவே முதல் வேலை சப்பாத்து வாங்குவது அல்ல, கிளினிக்கில் எண்ணைப் பார்ப்பது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்து, நாற்பது தாண்டியவர் இதயத் துடிப்புப் பதிவும் எடுத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை நீண்ட ஓட்டங்களில் கலந்துகொண்ட ஏறக்குறைய 1 கோடியே 9 லட்சம் பேரை ஆராய்ந்தபோது 59 பேருக்கு இதயத் துடிப்பு திடீரென நின்றது தெரிந்தது. 59 பேரில் 51 பேர் ஆண்கள். அரை மாரத்தானில் இந்த ஆபத்து முழு மாரத்தானைவிடக் குறைவு. அரிதான ஆபத்துதான், ஓட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் இதய நோய் தெரியாமல் ஓடுகிறவருக்கு இந்தச் சராசரி துணை நிற்காது. நீண்டகால இனிப்புநீர்க்காரருக்கு நெஞ்சுவலி தெரியாமலேயே அடைப்பு வளரலாம் என்பதை மறக்கக் கூடாது.

நான்கு மாதக் கணக்கு

முதல் மாதம் நடை மட்டுமே. வாரத்தில் நான்கு நாள், நாற்பது நிமிடம், கை வீசி வேகமாக. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள்தான் இரண்டாம் மாதம் முழங்கால் வலியோடு உட்காருவார்கள். மூச்சும் இதயமும் சில வாரத்தில் தேறிவிடும். தசைநார்களும் எலும்பும் அவ்வளவு விரைவில் தேறுவதில்லை.

இரண்டாம் மாதம் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை என்று மாறி மாறிச் செய்யலாம். பிறகு ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைக்கலாம். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலொவே இந்த ஓட்ட-நடை முறையைப் பல ஆண்டுகள் பரப்பினார். போட்டியிலும் நடக்கலாம், அதில் வெட்கம் ஏதும் இல்லை. வேகத்தை அறியக் கருவி வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் அது அதிகம்.

வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம், நீண்ட ஓட்டம். இரண்டாம் மாத முடிவில் 8 கிலோமீட்டர், மூன்றாம் மாத முடிவில் 14, நான்காம் மாதத்தின் நடுவில் 17 அல்லது 18. முழு 21ஐயும் முன்கூட்டியே ஓடிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்துக் காலுக்கு ஓய்வு தர வேண்டும். போட்டி நெருங்கும் பதற்றத்தில் அப்போதுதான் கூடுதலாக ஓடுவார்கள். அதனால் வருவது களைப்புதான்.

மேடு வேண்டும் என்றால் குளுவாங்கில் லம்பாக் மலை இருக்கிறது, உயரம் 510 மீட்டர். மாதம் இரண்டு முறை ஏறி இறங்கினால் தொடை உறுதிப்படும். செம்மண் தோட்டப் பாதை தார்ச்சாலையைவிடக் காலுக்கு இதமானது. ஆனால் செம்பனைக் காட்டில் எலியைத் தேடி நாகம் வரும். கைவிளக்கு இல்லாமல் இருட்டில் இறங்கக் கூடாது. குலை ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையில் ஒளிரும் மேல்சட்டை போட்டு, வண்டிக்கு எதிர்ப்பக்கமாக ஓட வேண்டும். பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவது நலம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஓட்டத்தை ஒத்திவைக்க வேண்டும்.

சப்பாத்து கட்டைவிரலுக்கு முன் அரை அங்குலம் இடம் விட்டு இருக்கட்டும். நேரம் ஆக ஆகக் கால் வீங்கும். போட்டிக்கென்று புதுச் சப்பாத்து வாங்கி அன்றே போடுவதைவிடப் பெரிய தவறு இல்லை.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குடிக்காமல் ஓடுவது தவறு என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 13 விழுக்காட்டினரிடம் உப்பின் அளவு இயல்புக்குக் கீழே இருந்தது. நின்று நிதானமாகத் தாகத்துக்குக் குடிப்பதே போதும். வலி மாத்திரை விழுங்கிவிட்டு ஓடுவது சிறுநீரகத்துக்குக் கேடு, அதை அறவே விட வேண்டும்.

மலாக்காவில்

ரெங்கத்திலிருந்து மலாக்கா ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். போட்டி இருட்டில் தொடங்குவதால் முதல் நாளே போய்த் தங்குவது உத்தமம். அன்றிரவு ஆட்டிறைச்சியும் சம்பாலும் வேண்டாம். சோறு, ரசம், வாழைப்பழம் போதும். காலையில் சந்தானில் வெந்த நாசி லெமாக் வயிற்றைக் கலக்கும். பயிற்சி நாட்களில் எதைச் சாப்பிட்டு ஓடினோமோ அதையே சாப்பிட வேண்டும்.

பழைய நகரின் சந்துகள் குறுகல். சில இடங்களில் கல் பாவிய தரை, மழை பெய்தால் வழுக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்ரா’ காற்றும் மழையும் மேற்குக் கரைக்குப் பழக்கமானவை. ஆற்றங்கரை, செயின்ட் பால் குன்றின் அடிவாரம், 1781இல் எழுந்த பொய்யாத விநாயகமூர்த்தி கோயில் இருக்கும் துக்காங் எமாஸ் சாலை என்று கண்ணுக்கு விருந்தான பகுதி இது. 2008இல் ஜோர்ஜ் டவுனோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதும் இதற்காகத்தான். கூட்டமும் உற்சாகமும் இழுக்க, முதல் 5 கிலோமீட்டரில் வேகம் தானாகவே கூடிவிடும். அங்கே அடக்கி ஓடியவருக்குத்தான் மலாக்கா ராயா பக்கத்துக் கடலோரச் சாலைகளில் பலம் மிச்சம் இருக்கும். அது கடலைத் தூர்த்து எடுத்த நிலம். சமதரைதான், ஆனால் விடிந்தபின் வெட்டவெளி.

ஓடும்போது தள்ளாட்டம், பேச்சுக் குழறல், வியர்வையிலும் குளிர் நடுக்கம் தெரிந்தால் நிற்க வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவருக்கு இவை தெரிந்தால் அவரை நிழலில் கிடத்தி, ஐஸும் தண்ணீரும் கொட்டிக் குளிரச் செய்துகொண்டே மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். பதக்கம் அடுத்த வருடமும் கிடைக்கும்.

இன்சுலின் போடுகிறவரும் சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவரும் அன்றைய அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பையில் மிட்டாய் அவசியம். முடிப்புக் கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடந்துவிட்டு, காலுறையைக் கழற்றிப் பாதத்தில் கொப்புளம் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதம் வலியைச் சொல்லாது. நீண்ட ஓட்டத்துக்குப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கக்கூடும். ஆகவே ரெங்கம் திரும்பிய அன்றிரவு படுக்கப் போகுமுன் ஒருமுறை விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத் தூங்கட்டும்.