மண்ணின் பெயர்கள் – 9: செக்குபந்தியில் வாழும் கழனிகள்

பரங்கிமலையருகே 1802-ஆம் வருஷம் லாம்ப்டன் துரை அளந்த ஆதார ரேகையைச் சென்ற வாரம் பார்த்தோம். தூரத்தையும் கோணத்தையும் பிசகின்றிக் கணித்த அந்த மகா அளவைக்கு முப்பது ஆண்டுகள் முன்னரே, நவாபு கம்பெனிக்கு அளித்த செங்கற்பட்டு ஜாகீரை 1767 முதல் 1774 வரை ஊர் ஊராக அளந்த தாமஸ் பர்னார்ட் என்னும் இஞ்சினீயர், கிராமக் கணக்குப்பிள்ளைகளின் துணைகொண்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் ஏரி, தோப்பு, கோயில், வீடு, நிலம் ஆகியவற்றைப் பதிவு செய்தார். அக்காலத்துக் கணக்கோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. ஊராரைக் கேட்டு எழுதியதே அவ்வளவையின் விசேஷம் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் அத்தகைய பணிக்கு இன்று அவசரம் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது முதல், வல்லம், வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் வளாகங்கள் விரிந்து வந்திருக்கின்றன. ஊர்ப் பெயர்களுக்கு அபாயமில்லை, அவை பெயர்ப்பலகையேறிவிட்டன. ஊருக்குள்ளே கழனிக்கும் மேட்டுக்கும் மதகுக்கும் வழங்கிய பெயர்கள்தாம், பட்டாவில் புல எண்ணாகவும் பின்னர் மனை எண்ணாகவும் மாறி, உழுதவர்களின் நாவோடு மறைந்து வருகின்றன.

ஒரகடத்துக்கு அருகே ஓர் ஏரிக்கரையில், புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, சுற்றுச்சுவருக்கு அப்பாலிருந்த பள்ளத்தைக் காட்டி அதுவும் ஏரிதானா என்று ஒரு முதியவரைக் கேட்டேன். “ஏரி இதுங்க ஐயா, அது தாங்கல். இங்க கலங்கல் வழிஞ்சாத்தான் அதுக்குத் தண்ணி” என்றார். படத்தில் இரண்டும் தனித்தனி எண்கள். அவற்றை இணைத்த ஓடை, சுவருக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாயாக ஒடுங்கிக் கிடந்தது. படப்பை, மணிமங்கலம், சோமங்கலம், ஆதனூர் ஏரிகளின் உபரிநீரெல்லாம் அடையாற்றுக்கே செல்வதையும், 2015 டிசம்பரில் அந்த ஆறு பெருகிச் சென்னையை வெள்ளத்தில் ஆழ்த்தியதையும் நினைத்தால், தாங்கல், கலங்கல், வரத்துக்கால் என்ற பெயர்களைக் குறிப்பது பழமைப் பற்று மாத்திரம் அன்று என்பது விளங்கும்.

பெயரைக் கேட்டால் மட்டும் போதாது. சொல்பவர் உச்சரித்தபடியே எழுதி, அது மேடா, பள்ளமா, மந்தைவெளியா, களத்துமேடா என்பதையும் புல எண்ணையும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். ஒரே இடத்துக்கு ஊரார் ஒரு பெயரும் சேரியார் வேறு பெயரும் வழங்கினால் இரண்டையும் எழுதுவதே நியாயம். நினைவு தவறுமிடத்தில் பழைய கிரயப் பத்திரங்கள் கைகொடுக்கும். சோழர் செப்பேடுகளில் தானநிலத்தின் நான்கெல்லையும் பெண்யானையை நடத்தி வகுத்துக் கூறப்பட்டதுபோல, பத்திரத்தின் செக்குபந்தியிலும், இன்ன கழனிக்கு வடக்கு, இன்ன வாய்க்காலுக்குக் கிழக்கு என்று எல்லை எழுதப்படுகிறது. வேறெங்கும் அகப்படாத பெயர்கள் அவ்வரிகளில் அகப்படும்.

இவ்வட்டாரத்து வாசகர்கள் தங்கள் வீட்டுப் பெட்டியிலுள்ள பத்திரங்களின் செக்குபந்தியை ஒருமுறை வாசித்து, அப்பெயர்களைப் புல எண்ணோடு பட்டியலாக்கி, அக்டோபர் 2-ஆம் நாள் கூடும் கிராம சபையில் வைத்து, ஊராட்சியின் பதிவேட்டில் ஏற்றும்படி தீர்மானம் கோருவார்களாக.