மழலையர் ஆசிரியைக்கும் கல்லூரிப் படிப்பு வேண்டுமா?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. திருப்பலி முடிந்து, ஆலய முற்றத்தில் மக்கள் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தனர். புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த உழவர் ஒருவர் நம்மை அணுகினார். அவர் முகத்தில் மகிழ்ச்சியும் இருந்தது, கலக்கமும் இருந்தது.

"மகள் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், ஐயா. நர்சு படிப்புக்கு அனுப்பலாம் என்று நானும் அவள் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். அவளோ, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் படிப்புத்தான் வேண்டும் என்கிறாள். ஆனா, ஆவன்னா சொல்லிக் கொடுக்க ஒரு கல்லூரிப் படிப்பா? அவளுடைய அப்பாயி எந்தக் கல்லூரியில் படித்துவிட்டு ஏழு பிள்ளைகளை வளர்த்தாள்?"

அன்று அவருக்கு நாம் அளித்த விடை அரைகுறையானது. ஆனால் அவர் கேட்ட கேள்வி பல குடும்பங்களில் எழும் கேள்வி. ஆகவே அதனை இங்கே சற்று விரிவாகச் சிந்திப்பது நலம் என்று எண்ணுகிறோம்.

அப்பாயியின் கலை

முதலில் அப்பாயிக்கு உரிய பெருமையை அளித்துவிடுவோம். தாலாட்டும், நிலாச்சோறும், கதையும், விடுகதையும், புளியங்கொட்டை எண்ணும் விளையாட்டும் நம் இல்லங்களில் வழிவழியாக வந்த கல்வியே. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியே எழுத்தைப் பழகினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரு பெல் என்பவர், இந்த மண்ணில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். பின்னர் இங்கிலாந்தில் அவர் பரப்பிய கல்வி முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர் வழங்கிற்று.

ஆனால் ஒன்றை நாம் மறத்தலாகாது. அப்பாயி வளர்த்தது தன் வீட்டுப் பிள்ளைகளை. ஒவ்வொன்றின் பசியும் பிடிவாதமும் அவளுக்குப் பிறப்பிலிருந்தே தெரியும். மழலையர் ஆசிரியையோ இருபது இல்லங்களிலிருந்து வரும் இருபது குழந்தைகளை ஒரே வேளையில் எதிர்கொள்கிறாள். ஒன்று அழுகிறது, ஒன்று வாய் திறப்பதேயில்லை. மற்றொன்றுக்குக் காது மந்தம். அது வீட்டில் எவருக்கும் தெரியாது. இவர்களை அறிந்து வளர்க்க அன்பு தேவை. ஆனால் அன்பு மட்டும் போதாது.

அடையாறில் நடந்த பயிற்சி

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் முதன்மையானவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870-இல் இத்தாலியில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்த இவர், 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907 சனவரி 6-ஆம் நாள் ரோமையில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' என்னும் பள்ளியைத் தொடங்கினார். அங்கே முதலில் அமர்த்தப்பட்டவர் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். அக்கட்டடத்தைக் காத்துவந்தவரின் மகள். அம்மையார் அவருக்குக் கற்பித்த பாடம் வேறு: குழந்தையை உற்று நோக்கு; கருவிகளைச் சரியாகக் காட்டு; பிறகு குறுக்கிடாதே.

இந்த அம்மையார் நம் தமிழகத்துக்கே வந்து பயிற்சி அளித்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1939-ஆம் ஆண்டு, தமது 69-ஆம் வயதில், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் முதற்பயிற்சியில் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும், அவர்கள் பகைநாட்டவர் ஆயினர். மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் எழுபதாம் பிறந்த நாளையொட்டி அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் இருவரும் கோடைக்கானலில் தங்கிச் சில ஆண்டுகள் பணியாற்றினர். போரும் சிறையும் முதுமையும் சூழ்ந்த காலத்திலும், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பணியை அம்மையார் கைவிடவில்லை.

பயிற்சியில் கற்பது என்ன?

அம்மையார் பின்பற்றிய ஒரு சிறு பாடத்தை எடுத்துக்கொள்வோம். அது மூன்று படிகளைக் கொண்டது. ஒரு குழந்தையின் விரலைச் சொரசொரப்பான தாளின்மேலும் வழவழப்பான தாளின்மேலும் ஓடவிட்டு, "இது சொரசொரப்பு, இது வழவழப்பு" என்று ஆசிரியை சொல்கிறாள். வேறு சொல் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டாவதாக, "வழவழப்பு எது, காட்டு" என்கிறாள். மூன்றாவதாகவே, ஒன்றைத் தொட்டு, "இது எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறாள்.

குழந்தை தவறாகக் காட்டிவிட்டால்? இங்கேதான் பயிற்சியின் பயன் வெளிப்படுகிறது. பயிற்சி பெறாதவர், "தப்பு! எத்தனை முறை சொன்னேன்?" என்பார். பயிற்சி பெற்றவரோ முகம் சுளிக்காமல் அன்றைய பாடத்தை அத்துடன் நிறுத்திவிட்டு, மற்றொரு நாள் முதற்படியிலிருந்தே தொடங்குவார். மூன்று வயதில் 'நீ மக்கு' என்ற சொல்லைக் கேட்கும் குழந்தை, முப்பது வயதிலும் அதனை மறப்பதில்லை அன்றோ?

கல்லூரியில் இத்தகைய மாணவி கற்பன பல. குழந்தையின் உடலும் மொழியும் உள்ளமும் எவ்வயதில் எவ்வாறு வளர்கின்றன என்பதை முதலில் கற்கிறாள். எடை, உயரம், சத்துணவு, தடுப்பூசி ஆகியவற்றைக் கற்கிறாள். கதை சொல்லவும், பாடவும், பொம்மலாட்டம் ஆடவும் பழகுகிறாள். களிமண், பனையோலை, விதைகள், துணித் துண்டுகள் கொண்டு கருவிகள் செய்கிறாள். ஐயனார் கோயில்களுக்குச் சுடுமண் குதிரை வடிக்கும் குயவர் வாழும் இம்மாவட்டத்தில், மண்ணால் பொம்மை செய்யச் சொல்லித் தர ஆளில்லாமல் போகாது! இவற்றுக்கு மேலாக, ஒரு குழந்தையை நாள்தோறும் உற்று நோக்கி, கண்டதைக் கண்டவாறே குறிப்பேட்டில் எழுதக் கற்கிறாள். 'இவன் முரடன்' என்று எழுதலாகாது. 'இன்று இருமுறை பக்கத்துப் பிள்ளையின் பொம்மையைப் பறித்தான். பசி வேளைக்கு முன்பு' என்று எழுத வேண்டும். முன்னையது தீர்ப்பு, பின்னையது மருந்துக்கு வழி.

முற்றத்துப் பள்ளி

இப்பயிற்சி நகரத்துச் செல்வர் பிள்ளைகளுக்கே உரியது என்று எண்ண வேண்டா. மராட்டிய மாநிலத்துப் போர்டி என்னும் சிற்றூரில் 1945-இல் தாராபாய் மோதக், அனுதாய் வாக் என்னும் இரு பெண்மணிகள் ஏழைக் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினர். பிள்ளைகள் பள்ளிக்கு வாராதபோது, பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டு சென்றனர். 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயரின் பொருள் இதுவே. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் நடுவண் அரசு, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் தொடங்கியது. இன்று தமிழகத்தில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன.

மூளை வளர்ச்சியில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அவ்வாறாயின், மிகச் சிறந்த பயிற்சி பெற்றவரை நாம் எந்த வகுப்பில் நிறுத்த வேண்டும்?

இம்மண்ணின் மகளிர்

புதுக்கோட்டைக்கு இது புதிய வழக்கும் அன்று. 1886-இல் இவ்வூரில் பிறந்த முத்துலட்சுமி, ஆடவர் கல்லூரியில் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். அந்தப் பெண்ணே 1912-இல் மருத்துவரானார். பின்னாளில் சென்னையில் ஔவை இல்லத்தை நிறுவி, ஆதரவற்ற சிறுமியர்க்குத் தாயானார்.

1991-இல் இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, கல்குவாரிகளிலும் வயல்களிலும் உழைத்த பெண்கள் மாலை வேளையில் எழுத்தறிந்தனர். மிதிவண்டி ஓட்டவும் பழகினர். அன்று பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தன் பெயரை எழுதிப் பழகிய பாட்டியின் கொள்ளுப்பேத்தி இன்று கல்லூரி வாயிலில் நிற்கிறாள். 'இதற்கெல்லாம் படிப்பா?' என்று கேட்டு நாம் அவளைத் தடுக்கலாமா?

பெற்றோர்க்குச் சில சொற்கள்

பெற்றோர்களே, சேர்க்கும் முன் ஆராயுங்கள். மனையியல் பட்டப்படிப்பில் குழந்தை வளர்ச்சி ஒரு பாடமாக உண்டு. கோவை அவினாசிலிங்கம் கல்லூரி 1957-லிருந்து மனையியலுக்குப் பெயர் பெற்றது. பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் ஈராண்டு மழலையர் கல்விப் பட்டயப் படிப்பும் உள்ளது. இது தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கான பட்டயத்தினின்று வேறானது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் ஏற்பு அந்நிறுவனத்துக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். 'மாண்டிசோரி' என்ற பெயர்ப்பலகை மட்டும் போதாது. குழந்தைகளோடு நேரில் பழகும் பயிற்சி எத்தனை வாரம் என்றும் கேளுங்கள். ஏட்டிலே மட்டும் நீந்தக் கற்றவர் ஆற்றைக் கடக்க மாட்டார்.

ஒன்றை மறைத்தலும் முறையன்று. இப்பணிக்குக் கிடைக்கும் ஊதியம் பல இடங்களில் மிகச் சிறிது. அதற்குக் காரணம், 'பிள்ளை பார்க்கும் வேலைதானே' என்னும் நமது எண்ணமே. மூன்று வயதுப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று ஆசிரியையைக் கடிந்துகொள்பவரும் நாமே. விளையாடக் கட்டணம் கட்டினோமா என்று கேட்பவரும் நாமே. அவ்வயதில் களிமண் பிசையும் விரல்களே பிறகு எழுதுகோலைப் பிடிக்கும் வலிமை பெறுகின்றன என்பதை ஆசிரியை அறிவாள். அதனைப் பெற்றோரும் அறிந்தாலன்றி அவள் கல்வி பயன் தாராது.

அந்த உழவரை மீண்டும் சந்திக்கும்போது நாம் இவ்வாறு கூற எண்ணியுள்ளோம்: "ஐயா, அப்பாயி ஏழு பிள்ளைகளை வளர்த்தார், உங்கள் மகள் ஊர்ப் பிள்ளைகளை வளர்க்கப் புறப்படுகிறாள். நிலத்தை ஆழ உழுதபின் விதைப்பவர் நீங்கள். அவளையும் விதைக்கும் முன் உழக் கற்றுக்கொள்ள விடுங்கள்."